ரோஸ் நிறப் பை கேட்கும் பையனும் அவன் பார்க்கும் தொடர்களும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் ஓர் அம்மா. மகனுக்கு ஐந்து வயது, அடுத்த ஜனவரியில் கே2, அதாவது பாலர் பள்ளியின் கடைசி வருடம், போகிறான். பா பெட்ரோல் தொடரில் வரும் ஸ்கை என்ற நாய்க்குட்டியின் படம் போட்ட ரோஸ் நிறப் பைதான் வேண்டும் என்று கடையில் அசையாமல் நின்றிருக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு "ஸ்கை மட்டும்தான் பறக்கும்" என்று பதில். கூட வந்த மாமனார் "அது பொம்பளப் பிள்ளைங்க பை, கண்டதையும் போட்டுக் காட்டினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்ல, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர் கேட்பது இரண்டு. டிவி பார்த்துத்தான் பையன் இப்படி ஆகிறானா? ஆண் பிள்ளை இப்படி, பெண் பிள்ளை இப்படி என்று கோடு போடாத தொடர்கள் எவை?

நான் பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. குழந்தைகள் என்ன பார்க்கிறார்கள் என்பது திங்கட்கிழமை காலையில் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும், அதனால் அவர்கள் பார்ப்பதை எல்லாம் நானும் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைத் தொடர்கள் கடந்த முப்பது நாற்பது வருடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டிருக்கின்றன, ஆனால் ஆண் பிள்ளைகளுக்குத் திறந்தது மிகக் கொஞ்சம். பெண் குழந்தை நீலப் பை கேட்டால் நாம் யாரும் கடையில் நின்று விவாதிப்பதில்லை. பையன் ரோஸ் நிறம் கேட்டால் குடும்பமே கூடிவிடுகிறது. ஆகவே மகனுக்காகத் தொடர் தேடும்போது "தைரியமான பெண் கதாநாயகி இருக்கிறாளா" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதில் மென்மையான பையன்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்றும் பாருங்கள்.

எனக்கு இது உறைத்தது ப்ளூயி தொடரால். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோ பிரம் என்பவர் உருவாக்கியது, 2018 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது, ஒரு கதை ஏழு நிமிடம்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் நாய்கள். மூத்தவள் ப்ளூயி நீல நிறம், இளையவள் பிங்கோ செம்பழுப்பு. இருவருமே பெண்கள். ஒரு நாள் வகுப்பில் ஒரு கதையைப் போட்டுக் காட்டிவிட்டு, நடந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "ப்ளூயி ஓடினான்", "ப்ளூயி ஒளிஞ்சிக்கிட்டான்" என்று வரிசையாக வந்தது. ஒரே ஒரு சிறுமி மட்டும் "ஓடினா டீச்சர், அவ பொண்ணு" என்றாள். உடனே ஒரு பையன் "இல்ல, புளூ கலர்" என்றான். அவ்வளவுதான் அவனுடைய ஆதாரம்.

இதில் நம் மொழிக்கே உள்ள ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லி "ஓடியது யார்" என்பதை ஆணா பெண்ணா என்று காட்டாமலே கடந்துவிடலாம். தமிழில் முடியாது, வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். நாய்தானே, "ஓடுச்சு" என்று சொல்லலாமே என்றால், பேசிச் சிரித்து விளையாடும் நாயைக் குழந்தைகள் பெரும்பாலும் அஃறிணையில் வைப்பதில்லை, ஆளாகத்தான் பார்க்கிறார்கள். அதனால் தமிழில் கதை சொல்லும் குழந்தை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "இது ஆணா பெண்ணா" என்று முடிவெடுத்துக்கொண்டே போகிறது, தெரியாவிட்டால் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. குழந்தைகள் மனதில் என்ன கோடு விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்போது உங்கள் மகன் சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "ஸ்கை மட்டும்தான் பறக்கும்." பறப்பாள் என்று அவன் சொல்லவில்லை. ஸ்கை பெண் என்பது அவன் மனதில் பெரிதாக இல்லவே இல்லை, பறப்பதுதான் இருக்கிறது. நிறத்தைப் பார்த்தவர்கள் பெரியவர்கள்.

பா பெட்ரோல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கனடாவில் உருவான இது 2013இல் தொடங்கியபோது ஆறு குட்டிகள், அதில் ஐந்து ஆண், ஒன்றுதான் பெண், அதுதான் ஸ்கை. அதற்கு ரோஸ் நிற உடை. எவரெஸ்ட் என்ற இன்னொரு பெண் குட்டி பிறகுதான் வந்தது. அந்த ஊரின் மேயர் பெண், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறிப்போய் உதவிக்கு அழைப்பவராகத்தான் வருவார். பெண்ணுக்கு ஹெலிகாப்டரைக் கொடுத்தது நல்ல விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு பேரில் ஒருத்தி என்ற கணக்கு பழைய கணக்கு. இதற்கு ஒரு பெயரே உண்டு. 1991இல் காத்தா பாலிட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை ஸ்மர்ஃபெட் விதி என்று அழைத்தார். ஸ்மர்ஃப் என்பவர்கள் ஒரு கேலிச்சித்திரத்தில் வரும் நீல நிறக் குட்டி மனிதர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் புத்திசாலி, ஒருவன் சோம்பேறி, ஒருவன் கோபக்காரன் என்று ஆண்களுக்கு ஆளுக்கொரு குணம் இருக்கும், ஸ்மர்ஃபெட்டுக்கு மட்டும் "பெண்" என்பதே குணம். நம் வீடுகளில் ஓடும் சோட்டா பீம் தொடரையும் இந்தக் கண்ணால் பாருங்கள். 2008இல் வந்தது. பீமுக்கு வீரம், ராஜுவுக்குத் துடிப்பு, ஜக்குவுக்குக் குறும்பு. சுட்கி லட்டு கொண்டுவருவாள், அதைச் சாப்பிட்டு பீம் பலம் பெறுவான்.

ஜீனா டேவிஸ் என்ற நடிகை 2004இல் ஒரு ஆய்வு நிறுவனத்தையே தொடங்கியது, தன் சின்னப் பெண்ணோடு உட்கார்ந்து குழந்தை நிகழ்ச்சிகளைப் பார்த்தபோது பெண் பாத்திரங்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று கவனித்ததால்தான். குடும்பப் படங்களை எண்ணிப் பார்த்தபோது பேசும் பாத்திரங்களில் ஏறக்குறைய மூன்று ஆணுக்கு ஒரு பெண் என்ற விகிதம் வந்தது. ஒரு தாய் மகளோடு உட்கார்ந்து பார்த்ததில் தொடங்கிய வேலை இது, நீங்களும் வீட்டில் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்க்கலாம். என் வகுப்புப் பெற்றோர் சிலரிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன், எண்ணி முடித்தவர்கள் ஆச்சரியப்படாமல் இருந்ததில்லை.

இந்தப் பாதை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் செசமி ஸ்ட்ரீட்டைச் சொல்லியாக வேண்டும். ஜோன் கான்ஸ் கூனி என்ற பெண் உருவாக்கி, 1969 நவம்பரில் வந்த தொடர். ஏழைக் குழந்தைகளுக்காக, எல்லா நிறத்து மக்களும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அப்படிப்பட்ட தொடரிலும் சூசன் என்ற பாத்திரம் தொடக்கத்தில் வீட்டோடு இருக்கும் மனைவியாக மட்டும்தான் இருந்தார். பெண்கள் அமைப்புகள் கேள்வி கேட்டன, பிறகு சூசன் செவிலியராக வேலைக்குப் போக ஆரம்பித்தார். பொம்மைகளில் பிக் பேர்ட், எர்னி, பெர்ட், குக்கி மான்ஸ்டர், எல்மோ என்று பிரபலமானவர்கள் எல்லாம் ஆண்கள். ஸோயி வந்தது 1993இல், அபி கடாபி 2006இல். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களுக்கும் கண்ணில் படாமல் போகிற இடம் இருக்கிறது, யாராவது சொன்னால்தான் தெரிகிறது. 2016இல் ஆப்கானிஸ்தான் பதிப்பில் ஸாரி என்ற ஆறு வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள், பள்ளிக்கூடம் போகும் பெண். அடுத்த வருடமே அவளுக்கு ஸீரக் என்று ஒரு தம்பியையும் சேர்த்தார்கள். அக்கா படிப்பதை ஆசையோடு, மரியாதையோடு பார்க்கும் தம்பி. பெண் குழந்தை மாறினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் பையனும் மாற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது மீனா. 1990களில் யுனிசெஃப் தெற்காசியாவுக்காகச் செய்த கேலிச்சித்திரத் தொடர், இந்தியாவின் ராம் மோகன் அதன் அனிமேஷனுக்குப் பின்னால் இருந்தவர். மீனா, தம்பி ராஜு, மிட்டு என்ற கிளி. ஒரு கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள், கிளி பள்ளி ஜன்னலில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்டுவந்து இவளுக்குச் சொல்லும், கற்றுக்கொண்ட எண்ணிக்கையை வைத்துக் கோழிகளை எண்ணி ஒன்று குறைவதைக் கண்டுபிடிப்பாள். இன்னொரு கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. ராஜுவுக்குச் சாப்பாட்டில் பெரிய பங்கு, மீனாவுக்குச் சின்ன பங்கு. ஒரு நாள் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். மீனாவின் வேலையைச் செய்து ராஜு களைத்துப்போவான், பங்கு ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பது வீட்டுக்கே புரியும். உபதேசம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாம்பழத்தை வெட்டுவதில் தொடங்கி அந்த நியாயத்தைச் சொன்ன விதம் நம் சமையலறைக்கே வந்து சொன்னது போல இருக்கும். இணையத்தில் தேடினால் கிடைக்கும், தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அப்புறம் டோரா. அமெரிக்காவில் 2000இல் வந்தது, தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசியது. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய்வரும் குழந்தைகள் அதைப் பற்றிக்கொண்டு வருவார்கள், "குள்ளநரி திருடக்கூடாது" என்று வகுப்பில் கையை நீட்டிக் கத்தியது ஆணா பெண்ணா என்ற பேதமே இல்லாமல் எல்லாரும்தான். எனக்கு டோரா முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இது: ஒரு சிறுமி வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டையும் ஆற்றையும் தாண்டிப் போகிறாள், கூட ஒரு ஆண் குரங்கு, அவன் அவளைக் காப்பாற்ற வரவில்லை, தோழனாக வருகிறான். அந்தத் தொடர் எங்கேயும் நின்று "பாருங்கள், பெண்ணாக இருந்தும் எவ்வளவு தைரியம்" என்று சொல்வதில்லை. அதையும் நம் தமிழில், நம் வீட்டுப் பிள்ளை பேசுவது போலப் பேசினாள். பையன்கள் டோரா பையைச் சுமந்துகொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது, நானே பார்த்திருக்கிறேன்.

டாக் மெக்ஸ்டஃபின்ஸ் 2012இல் வந்தது, பொம்மைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கறுப்பினச் சிறுமி. அவள் அம்மா டாக்டர், அப்பா வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார். சிங்கப்பூரில் இதைப் பார்க்கும்போது நான் பெற்றோரிடம் ஒன்றை ஞாபகப்படுத்துவேன். இங்கே பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேரக்கூடாது என்று 1979 முதல் ஒரு வரம்பு இருந்தது, அது நீங்கியது 2003இல்தான். உங்கள் வயதுப் பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நடைமுறையில் இருந்த விதி அது. மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் போன பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பழைய கதை என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது கிட்டத்தில் இருக்கிறது.

சரி, பையன்களுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். பெப்பா பிக் எடுத்துக்கொள்ளுங்கள். 2004 முதல் ஓடுகிறது, உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கும். அதில் மிஸ் ராபிட் என்பவர் ஹெலிகாப்டர் ஓட்டுவார், தீயணைப்பார், நூலகத்தில் இருப்பார், கடையிலும் இருப்பார். மம்மி பிக் கணினியில் வேலை செய்வார். பெண்களுக்கு எல்லா வேலையும் உண்டு. டாடி பிக்? பாசமானவர்தான், ஆனால் வழி தெரியாதவர், சுவரில் ஒரு படம் மாட்டச் சொன்னால் சுவரையே உடைப்பவர், தொப்பைக்காகப் பிள்ளைகளே கேலி செய்யும் ஆள். வீட்டு வேலையில் அப்பா என்றால் அசடு என்று ஒரு நாலு வயதுப் பையன் தினமும் பார்த்தால், வீட்டு வேலை தனக்கு வராது என்று அவனும் நினைத்துக்கொள்வான். இது பெண் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, நாளைக்கு அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

ப்ளூயியின் அப்பா பேண்டிட் இதற்கு நேர் எதிர். தொல்பொருள் ஆய்வாளர். அம்மா சில்லி விமான நிலையப் பாதுகாப்பில் வேலை செய்கிறார். அப்பா துணி மடிக்கிறார், சாப்பாடு கட்டுகிறார், பிள்ளைகள் நகத்துக்குச் சாயம் பூசச் சொன்னால் கையை நீட்டுகிறார், தரையில் புரண்டு விளையாடுகிறார், சில சமயம் சலித்தும் போகிறார். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை என்பதுதான் அதில் சிறப்பு. இந்த ஊரில் 2025 ஏப்ரல் முதல் அப்பாக்களுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கட்டாயம் ஆகியிருக்கிறது. சட்டம் ஒரு மாதத்தைக் கொடுக்கும், அந்த மாதத்தில் குழந்தையோடு என்ன செய்வது என்பதை எங்கேயாவது பார்த்துத்தான் பழக வேண்டும். நம் அப்பாக்கள் பலருக்கு அவர்கள் அப்பாவிடம் பார்க்கக் கிடைக்கவில்லை.

டேனியல் டைகர் என்று ஒரு தொடர் இருக்கிறது, 2012இல் தொடங்கியது. பிரெட் ராஜர்ஸ் என்பவர் 1968 முதல் அமெரிக்கா முழுவதற்கும் நடத்திய குழந்தை நிகழ்ச்சியின் வழியில் வந்தது. அவர் அம்மா பின்னிக்கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல், கேமராவைப் பார்த்து "உனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாய்" என்பது போன்ற விஷயங்களைப் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர். அந்தக் காலத்தில் ஆண் என்றால் துப்பாக்கி, குதிரை, சண்டை என்று டிவி காட்டிக்கொண்டிருந்தது. டேனியல் நாலு வயதுப் புலிக்குட்டி, ஆண் பிள்ளை. பயந்தால் பயம் என்று சொல்வான், அழுதால் யாரும் அவனை அடக்க மாட்டார்கள். நம் காதுக்கு மெதுவாக, சலிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பையனுக்கு நான் முதலில் சொல்லும் தொடர் இதுதான்.

நோபிதாவையும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே டோரேமோன் பார்க்காத வீடு குறைவு. நோபிதா அழுவான், விளையாட்டில் தோற்பான், கையில் நூலைச் சுற்றி உருவங்கள் செய்வதில் மட்டும் கெட்டிக்காரன், அதைப் பெண் பிள்ளை விளையாட்டு என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் கதை முழுக்க அவன் பக்கம்தான் நிற்கிறது, அழும் பையன்தான் நாயகன். இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தத் தொடரில் ஷிசுகா மட்டும்தான் கூட்டத்தில் பெண், அவளைக் குளியலறையில் காட்டும் காட்சிகளும் இருக்கின்றன, அது வரும்போது நான் அணைத்துவிடுவேன். ஒரு தொடரில் ஒரு பக்கம் நன்றாக இருந்து இன்னொரு பக்கம் கோணலாக இருப்பது சகஜம். முழுதாக ஏற்கவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம்.

நம் பக்கத்துத் தொடர்களைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் உப்பின் இப்பின் 2007இல் வந்தது. பெற்றோரை இழந்த இரட்டைப் பையன்களை வளர்ப்பது பாட்டியும் அக்காவும். வீட்டில் முடிவெடுப்பது, கண்டிப்பது, சம்பாதிப்பது எல்லாம் பெண்கள், அதைப் பற்றித் தனியாக ஒரு பிரசங்கமும் கிடையாது. கம்பத்து (கிராமத்து) வாழ்க்கை, முத்து மாமாவின் சாப்பாட்டுக் கடை என்று நம் தாத்தா பாட்டிகளுக்கும் பழக்கமான உலகம். போபோய்பாய் 2011இல் வந்தது, அதில் யாயா, யிங் என்ற இரண்டு பெண்கள் பையன்களுக்குச் சமமான சக்தியோடு சண்டை போடுவார்கள், ஒருத்தி தலையில் முக்காடு போட்டிருப்பாள், அது அவளை எதிலும் தடுக்காது. ஆனால் அதில் வரும் கோபால், நம் பையன், எப்போதும் பசிக்கிறவன், பயப்படுகிறவன், அவனுடைய சக்தியே பொருள்களைத் தின்பண்டமாக மாற்றுவதுதான். பெண்களுக்குப் போட்ட கோட்டை அழித்தவர்கள் இந்தியப் பையனுக்கு ஒரு கோட்டைப் போட்டுவிட்டார்கள். என் மகன் ஆறு வயதில் "கோபால் ஏன்மா எப்பவும் ஓடுறான்" என்று கேட்டான், எனக்கு அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தை தன்னைத் தேடிக்கொண்டேதான் பார்க்கிறது என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரிலேயே செய்ததென்றால் ஆட்பாட்ஸ். ஏழு பேர், ஏழு நிறத்தில் மொசுமொசு உடை, பேச்சே கிடையாது. ஆளுக்கொரு கிறுக்கு, ஒருவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், ஒருவனுக்குச் சட்டென்று கோபம் வரும், ஒருவன் தூங்கிவழிவான். ஊதா நிறக்காரன் ஆண், மஞ்சள் நிறக்காரி எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் பெண். இங்கேயும் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்குதான், ரோஸ் நிறம் பெண்ணுக்குத்தான் போயிருக்கிறது. ஆனாலும் பேச்சு இல்லாததால் வகுப்பில் எனக்கு இது பொக்கிஷம். குழந்தைகளே தமிழில் கதை சொல்ல வேண்டும், எந்த வினைக்கு எந்த வால் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இனி, டிவி பார்த்துத்தான் பிள்ளை மாறுகிறதா என்ற கேள்வி. சாரா கோய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016இல் 198 பாலர் பள்ளிக் குழந்தைகளை வைத்து, இளவரசிப் படங்களும் பொம்மைகளும் என்ன செய்கின்றன என்று பார்த்தார். அதில் அதிகம் ஈடுபட்ட பெண் குழந்தைகள் ஒரு வருடம் கழித்து "பெண் என்றால் இப்படி" என்ற நடத்தையில் கூடுதலாக இருந்தார்கள், அது கவலைக்குரியதுதான். பையன்களைப் பற்றியும் ஒன்று தெரியவந்தது. இளவரசிகளை விரும்பிய பையன்கள் மற்றவர்களுக்கு உதவுவதில் முன்னே இருந்தார்கள், தங்கள் உடலைப் பற்றி நல்ல எண்ணத்தோடு இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்து, 2021இல் எழுதினார்கள். ஆண் என்றால் முரட்டுத்தனம், அழக்கூடாது என்ற எண்ணத்தை இளவரசிகளோடு வளர்ந்த குழந்தைகள் குறைவாகவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆய்வை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் மாமனார் பயப்படுவது போல எதுவும் அதில் இல்லை.

எமி நாதன்சன் என்பவரும் கூட்டாளிகளும் 2002இல் பார்த்தது இன்னொன்று. பெண்களைப் பற்றிப் பழைய எண்ணம் உள்ள காட்சி ஓடும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் "இது சரியில்லையே, பெண்களும் அதைச் செய்வார்களே" என்று ஒரு வார்த்தை சொன்னால், குழந்தைகளுக்கு அந்தக் காட்சியின் மேல் இருந்த மதிப்பு குறைந்தது. எந்தத் தொடர் என்பதைவிடப் பக்கத்தில் யார், என்ன சொல்கிறார்கள் என்பதை நான் பெரிதாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்குள் உங்கள் மகன் கேட்டது ஸ்கையின் குரலை இல்லை, தாத்தாவின் குரலை.

இங்கேதான் என் மனதை உறுத்தும் விஷயம் வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் 2.5 விழுக்காடு. நம் பிள்ளைகள் பார்க்கும் தொடர்கள் பெரும்பாலும் ஆங்கிலம். அழலாம், பயப்படலாம், பிடித்த நிறத்தைப் போட்டுக்கொள்ளலாம், உன்னைப் போல நீ இரு என்பதெல்லாம் குழந்தை காதில் ஆங்கிலத்தில் விழுகிறது. "ஆம்பளப் பிள்ள அழலாமா", "பொம்பளப் பிள்ள இப்படியா உக்காருவ", "அடக்கமா இரு" என்பதெல்லாம் தமிழில் விழுகிறது. பத்து வயதில் அந்தப் பிள்ளை தமிழில் பேச மறுத்தால் நாம் பாடத்திட்டத்தைக் குறை சொல்கிறோம். தமிழ் அவனுக்குத் தடைபோடும் மொழியாக மட்டும் வந்து சேர்ந்திருந்தால் அவன் அதை விட்டுத் தூரப் போகத்தான் செய்வான். தமிழில் புதிய குழந்தைத் தொடர் எழுதும் வாய்ப்பு உள்ளவர்கள், வசந்தம் தமிழ் ஒளிவழிக்கோ மீவாட்ச் இணையத் தளத்துக்கோ செய்கிறவர்கள், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். தமிழில் அழுது, தமிழில் ஆறுதல் பெறும் ஒரு பையன் நம் திரையில் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது: ஆங்கிலத்தில் பாருங்கள், தமிழில் பேசுங்கள். சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல்படி ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் திரை பார்க்கலாம், அதனால் நீளமாக ஒன்றும் தேவையில்லை. ப்ளூயி இரண்டு கதை, கால் மணி நேரம், அப்புறம் அணைத்துவிட்டு "பிங்கோ ஏன் அழுதா? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று தமிழில் கேளுங்கள். பையன் "அழுதுருப்பேன்" என்று சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மாமனாரிடம் வாதாடாதீர்கள். பேரனைக் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் அப்படிப் பேசியிருப்பார், அந்தத் தலைமுறை ஆண்கள் பள்ளியில் வாங்கிய கேலி லேசானது இல்லை. அந்தப் பயத்தில் உண்மையும் உண்டு, வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை ஏதாவது சொல்லத்தான் செய்யும். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பழக்குங்கள், ஆசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள், நாங்கள் கவனித்துக்கொள்வோம். பையை வாங்கிக்கொடுங்கள். அதற்கு முன்னால் தாத்தாவை ஒரு நாள் அவனோடு உட்காரவைத்து, ஸ்கை எப்படிப் பறக்கிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தொடரை நீங்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்கை ஹெலிகாப்டர் ஓட்டும், அது இல்லாதபோதும் பறக்கும். முதுகில் மாட்டியிருக்கும் பையிலிருந்துதான் இறக்கை விரியும்.